‘பொறுப்பேற்பு’ன்னு ஒரு அறிக்கை வந்தா அத எப்படி படிக்கிறது

2019 ஏப்ரல் 23, செவ்வாக்கிழமை. ஈஸ்டர் அன்னைக்கு கொழும்புல குண்டு வெடிச்சு ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு, நான் அப்ப ஒரு டிவி நியூஸ் டெஸ்க்ல இருந்தேன், எந்த சேனல்னு வேணாம், ஏஜென்சி காப்பில ஐஎஸ் (இஸ்லாமிய தேசம்னு சொல்லிக்கிற அமைப்பு) பொறுப்பேத்துக்கிச்சுன்னு ஃபிளாஷ் வந்ததும் கை சும்மா இருக்கல, "ஐஎஸ் செய்தித் தொடர்பாளர் அறிவிப்பு"ன்னு டிக்கர்ல ஏத்தி விட்டுட்டேன். அஞ்சு நிமிஷத்துல சீனியர் அண்ணன் ஒருத்தர் எழுந்து வந்து "எந்த செய்தித் தொடர்பாளர்டா, பேர் சொல்லு"ன்னார். பேரும் தெரியல, அப்படி ஒருத்தர் பேசினாரான்னும் தெரியல. யாரும் பேசவே இல்லங்கிறதுதான் நிஜம். வந்தது அமாக்னு செய்தி ஏஜென்சி மாதிரி வேஷம் போட்டு ஓடுற அவங்களோட ஒரு பிரிவு ஆன்லைன்ல போட்ட சின்ன குறிப்பு, அவ்வளவுதான். நான் பாட்டுக்கு ஒரு ஆளையே உண்டாக்கி டிக்கர்ல ஓட விட்டுட்டேன்.

அன்னைல இருந்து ஒரு நோட்டு வச்சிருக்கேன். எந்தக் குழு, யார் பேர்ல அறிக்கை, எந்த தேதி, என்ன சொன்னாங்க, அப்புறம் என்னாச்சு. இந்த கடைசி கட்டம்தான் முக்கியம், அத எழுத சில சமயம் ரெண்டு வருஷம் ஆகும். இப்ப டெஸ்க்குக்கு புதுசா வர்ற பசங்களும், வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வந்தா "இது நிஜமா"ன்னு கேக்குற சொந்தக்காரங்களும் ஒரே கேள்விய திருப்பித் திருப்பி கேக்குறதால, நோட்டுல இருந்து தேறினத இங்க எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி குழுக்களோட செய்தித் தொடர்பாளர் என்ன வேலைக்கு இருக்கான்னு புரிஞ்சா அவன் அறிக்கைய பாதி படிச்ச மாதிரி.

முதல் வேலை, பேசுறது யாருன்னு பிரிக்கிறது. எல்லாத்தையும் "அமைப்பு சொல்லுது"ன்னு ஒரே மூட்டைல கட்டிடாதீங்க. ஐஎஸ்ஸ எடுத்துக்கிட்டா தாக்குதல் பத்தின குட்டிக் குறிப்பு அமாக்ல வரும், வாராவாரம் அந்-நபான்னு ஒரு பத்திரிகை வரும், செய்தித் தொடர்பாளர்ங்கிற ஆள் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, சில வருஷம் கொஞ்சம் கூட, அல்-ஃபுர்கான்ங்கிற அவங்க ஊடகப் பிரிவு பேர்ல ஆடியோவா பேசுவான். அந்த ஆடியோ வந்தாலே ஏதோ பெருசுன்னு அர்த்தம், தலைவர் செத்திருக்கணும், இல்ல புதுசா ஏதாவது உத்தரவு இருக்கணும். சோமாலியாவோட அல்-ஷபாப் வேற மாதிரி, அவங்க ஆளு ராய்ட்டர்ஸ் மாதிரி ஏஜென்சிக்கு நேரா பேசுவான், அவங்களுக்குன்னு ரேடியோவும் இருக்கு. தாலிபானுக்கு ட்விட்டர். காஷ்மீர்ல ரொம்ப காலமா ஸ்ரீநகர் லோக்கல் நியூஸ் ஏஜென்சிக்கு ஒரு போன் வரும், லஷ்கர்-இ-தொய்பா பேர்ல அப்துல்லா கஸ்னவின்னு ஒருத்தர் பேசினார்னு மறுநாள் பேப்பர்ல வரும், அந்தப் பக்கம் யார் பேசினாங்கன்னு பார்த்தவங்க கிடையாது.

இதுல நல்லா கவனிக்க வேண்டிய ஆள் ஐஎஸ்ஸோட அபு முஹம்மது அல்-அத்னானி. சிரியாவுல இத்லிப் பக்கம் பின்னிஷ்ங்கிற ஊர்க்காரன், நிஜப் பேரு தாஹா சுப்ஹி ஃபலாஹா. 2014 ஜூன் 29ல கிலாஃபத், அதாவது கலீஃபா ஆட்சி, வந்துடுச்சுன்னு உலகத்துக்கு சொன்னது ஐஎஸ் தலைவர் பாக்தாதி இல்ல, இந்த அத்னானிதான், பாக்தாதி மோசூல் பள்ளிவாசல்ல முகம் காட்டுனது அதுக்கு சில நாள் கழிச்சு. அதுக்கு முன்னாடி ஏப்ரல், மே மாசத்துல அல்-காய்தா தலைவர் அய்மன் அல்-ஜவாஹிரியையே பேர் சொல்லி போட்டுத் தாக்கி பேசினதும் இவன்தான். அண்ணன் தம்பி சண்டைய தெருவுக்கு கொண்டு வந்து எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு எல்லாரையும் கேட்ட பேச்சு அது. செப்டம்பர்ல ஒரு பேச்சு, அமெரிக்கா கூட்டணில இருக்கிற நாட்டுக்காரங்கள எங்க இருந்தாலும், கைல எது கிடைச்சாலும் அத வச்சு தாக்குங்கன்னு. ஆக ஒரே வருஷத்துல ஒரே வாய் அறிவிப்பு பண்ணியிருக்கு, சண்டை போட்டிருக்கு, முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு உத்தரவும் போட்டிருக்கு. இத போய் நம்மூர் கட்சி செய்தித் தொடர்பாளர் டிவி விவாதத்துல உக்காந்து சமாளிக்கிற வேலையோட ஒப்பிட முடியாது. அத்னானி வெளிநாட்டுத் தாக்குதல் பிரிவையும் சேர்த்து பார்த்துக்கிட்டான்னு அமெரிக்கா சொல்லுச்சு, 2015ல அவன் தலைக்கு 50 லட்சம் டாலர் வச்சாங்க, மைக் மட்டும் பிடிக்கிறவனுக்கு யாரும் அவ்வளவு காசு வைக்க மாட்டாங்க. 2016 ஆகஸ்ட் 30ல அலெப்போ பக்கம் செத்தான்னு அமாக்தான் முதல்ல சொல்லுச்சு, உடனே நாங்கதான் கொன்னோம்னு அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினாங்க. பொறுப்பேத்துக்கிறதுல போட்டி போடுறது இவங்க மட்டும் இல்லங்க.

"பேசினது மட்டும்தான் தப்பா"ங்கிற கேள்வி கோர்ட்டுக்கும் போயிருக்கு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் பின்லேடன் பக்கத்துல உக்காந்து வீடியோல மிரட்டுனவர் குவைத்காரர் சுலைமான் அபு கைத், பின்னாடி பின்லேடனுக்கு மருமகனும் ஆனார். ரொம்ப வருஷம் ஈரான்ல இருந்துட்டு 2013ல மாட்டினார், நியூயார்க்ல விசாரணை நடந்து 2014 செப்டம்பர்ல ஆயுள் தண்டனை. அவர் கைல துப்பாக்கி இருந்துச்சாங்கிறது இல்ல அங்க வழக்கு, அவர் பேச்சு ஆள் சேக்குறதுக்கு உதவுச்சுங்கிறதுதான்.

அடுத்து பேரு. செய்தித் தொடர்பாளர் பேர பார்த்ததும் அது ஒரு மனுஷனோட பேருன்னு எடுத்துக்காதீங்க, நிறைய இடத்துல அது ஒரு நாற்காலியோட பேரு. பாகிஸ்தான் தாலிபான்ல ஷாஹிதுல்லா ஷாஹித்னு ஒருத்தர் 2014 அக்டோபர்ல நான் பாக்தாதி பக்கம் போறேன்னு சொல்லிட்டு போனார், உடனே அமைப்பு அவர தூக்கிட்டு ஒரு விளக்கம் கொடுத்துச்சு பாருங்க, அவர் நிஜப் பேரு ஷேக் மக்பூல், ஷாஹிதுல்லா ஷாஹித்ங்கிறது நாங்க அந்தப் பொறுப்புக்கு வச்ச பேருன்னு. அடுத்து வந்த பேரு முஹம்மது கொராசானி. அந்தப் பேர்ல முன்ன பேசிக்கிட்டிருந்த காலித் பல்தி 2022 ஜனவரில ஆப்கானிஸ்தான் நங்கர்ஹார்ல கொல்லப்பட்டார், ஆனா முஹம்மது கொராசானி அறிக்கை விடுறது நிக்கல. ஆள் செத்தான், பேரு சாகல.

தாலிபானோட ஜபிஹுல்லா முஜாஹிதும் ரொம்ப நாள் இந்த சந்தேகத்துலதான் இருந்தார். 2007 ஜனவரில முஹம்மது ஹனீஃப்னு அவங்க செய்தித் தொடர்பாளர் ஒருத்தர் பிடிபட்டு, தாலிபான் தலைவர் முல்லா உமர் குவெட்டால பாகிஸ்தான் பாதுகாப்புல இருக்கார்னு கேமரா முன்னாடி சொல்லிட்டார், அதுக்கப்புறம்தான் ஜபிஹுல்லா பேரு அடிபட ஆரம்பிச்சுச்சு. காபூல் நிருபர்கள் வருஷக்கணக்கா போன்ல பேசியிருக்காங்க, ஒரு தடவை கேட்ட குரல் மாதிரி அடுத்த தடவை இல்ல, இது ஒரு ஆளா நாலு ஆளான்னு அவங்களுக்குள்ளயே பேச்சு. 2021 ஆகஸ்ட் 17ல காபூல்ல பிரஸ் மீட்ல வந்து உக்காந்தப்பதான் முகம் தெரிஞ்சுச்சு.

ஐஎஸ் பேர்ல இன்னொரு சங்கதி இருக்கு, அது தெரிஞ்சா செய்தி கொஞ்சம் சுலபமா புரியும். தலைவர் பேரு கடைசில எப்பவும் அல்-குரைஷி. கலீஃபான்னு சொல்லிக்கணும்னா நபிகளோட குறைஷி குலம்னு காட்டணுமாம், அதுக்கு இந்த ஏற்பாடு. அல்-முஹாஜிர்னா ஊர் விட்டு ஊர் வந்தவர், அல்-அன்சாரின்னா வந்தவங்களுக்கு இடம் கொடுத்த மதீனாக்காரங்க மாதிரி. பேரே ஒரு வசனம். அதுல இருந்து ஊரையோ குடும்பத்தையோ கண்டுபிடிக்கப் போனா நேரம்தான் வேஸ்ட்.

இப்ப செய்தித் தொடர்பாளர் செய்யுற பெரிய வேலைக்கு வர்றேன். அது சாவு அறிவிக்கிறது. தலைவன் செத்தான்னு சொல்லணும், அதே மூச்சுல அடுத்தவன் பேர சொல்லி எல்லாரும் பைஅத், அதாவது விசுவாச உறுதிமொழி, கொடுங்கன்னு கேக்கணும், நடுவுல ஒரு வெற்றிடம் இருந்துச்சுன்னு யாரும் நினைக்கக் கூடாது. ஐஎஸ்ல இத தேதி போட்டு வரிசையா எழுதிப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. பாக்தாதி 2019 அக்டோபர் 26 ராத்திரி நடந்த ரெய்டுல செத்தான், மறுநாளே செய்தித் தொடர்பாளர் அபுல் ஹசன் அல்-முஹாஜிரும் ஜராப்லுஸ் பக்கம் காலி, அறிவிக்க வேண்டியவனே போயிட்டான், அப்பவும் அக்டோபர் 31க்குள்ள அபு ஹம்சா அல்-குரைஷின்னு ஒரு புதுக் குரல் வந்து ரெண்டு சாவையும் சொல்லி புது தலைவர் பேரையும் சொல்லிடுச்சு. அஞ்சு நாள் கூட முழுசா ஆகல. அந்த புது தலைவன் 2022 பிப்ரவரி 3ல செத்தான், அறிவிப்பு மார்ச் 10, அஞ்சு வாரம். அதுல அபு ஹம்சாவும் செத்துட்டார்னு சொன்னது அபு உமர் அல்-முஹாஜிர்னு அடுத்த குரல். அதுக்கடுத்த தலைவன் அக்டோபர் நடுவுல தராவுல செத்தான்னு அமெரிக்கா சொல்லுது, ஐஎஸ் சொன்னது நவம்பர் 30. அதுக்கடுத்தவன? ஏப்ரல் 29ல எங்க உளவுத்துறை கொன்னுடுச்சுன்னு 2023ல துருக்கி அதிபர் எர்டோகன் டிவிலயே சொல்லிட்டார், ஐஎஸ் வாயத் திறந்தது ஆகஸ்ட் 3. மூணு மாசத்துக்கு மேல.

அஞ்சு நாள், அஞ்சு வாரம், ஆறு வாரம், மூணு மாசம். அறிக்கைல என்ன வீர வசனம் இருந்தாலும் இந்த இடைவெளி சொல்றத மறைக்க முடியாது, உள்ள ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் தொடர்பு கொள்றதே கஷ்டமாயிடுச்சுன்னுதான் எனக்கு படுது. கடைசி ஆடியோல இன்னொன்னும் வந்துச்சு, துருக்கி கொல்லல, அப்ப இத்லிப்ப கைல வச்சிருந்த ஹயாத் தஹ்ரிர் அல்-ஷாம்ங்கிற குழுதான் அங்க கொன்னு துருக்கிகிட்ட கொடுத்துடுச்சு, எங்க பழைய செய்தித் தொடர்பாளரையும் அவங்கதான் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு. அந்தக் குழு இல்லவே இல்லன்னுடுச்சு. ஒரே சாவுக்கு மூணு கதை. இந்த மாதிரி நேரத்துல ஒரு கதைய எடுத்து ஹெட்லைன் போடாம மூணையும் யார் யார் சொன்னாங்கன்னு பேரோட போடுறதுதான் நம்ம வேலை.

சாவ மறைச்ச கதைன்னா முல்லா உமர் கதைய அடிச்சுக்க ஆள் இல்ல. மனுஷன் 2013 ஏப்ரல் 23ல செத்துட்டார். அதுக்கப்புறமும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் பேர்ல வாழ்த்துச் செய்தி வந்துக்கிட்டே இருந்துச்சு. 2015 ஏப்ரல்ல அவர் வாழ்க்கை வரலாறுன்னு தாலிபான் ஒரு நீளமான கட்டுரையே வெளியிட்டுச்சு, அன்றாட விவகாரங்கள்ல தொடர்புல இருக்கார், அவருக்கு பிடிச்ச ஆயுதம் ஆர்பிஜி-7ன்னெல்லாம். செத்து ரெண்டு வருஷம் ஆன ஆளுக்கு பிடிச்ச ஆயுதம்! ஜூலைல பேச்சுவார்த்தைக்கு ஆதரவா அவர் பேர்லயே ஒரு பெருநாள் செய்தி. ரெண்டு வாரத்துல ஆப்கன் அரசு அவர் 2013லயே செத்துட்டார்னு உடைச்சது, மறுநாள் தாலிபான் ஒத்துக்கிச்சு. ஆகஸ்ட் கடைசில தேதியையும் அவங்களே சொல்லிட்டு ஒரு காரணமும் சொன்னாங்க, வெளிநாட்டுப் படையோட சண்டைல 2013 முக்கியமான வருஷமா இருந்துச்சு, அதனால மறைச்சோம்னு.

அந்த பழைய அறிக்கைகள இப்ப எடுத்து படிச்சுப் பாருங்க, பாடம் அதுலயே இருக்கு. குரல் இல்ல, வீடியோ இல்ல, கையெழுத்து இல்ல, அந்த வாரத்துல நடந்த ஒண்ண அவர்தான் பார்த்தார்னு நிரூபிக்கிற எதுவும் இல்ல, வெறும் எழுத்து. அன்னைக்கு டெஸ்க்ல நாங்க எல்லாம் "முல்லா உமர் கூறியுள்ளார்"னு ஒரு தயக்கமும் இல்லாம எழுதினோம். "முல்லா உமர் பேரில் வெளியான அறிக்கை"ன்னு எழுதியிருந்தா போதும், ஒரு வார்த்தைதான், பின்னாடி அசிங்கப்பட வேண்டியதில்ல.

ரெக்கார்டிங் எப்ப எடுத்ததுன்னு பார்க்குறதும் இதோட சேர்ந்ததுதான். 2019 ஏப்ரல் 29ல பாக்தாதி அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வீடியோல வந்தான், தரைல உக்காந்து, சிரியாவுல அவங்க கடைசியா பிடிச்சு வச்சிருந்து இழந்த பாகூஸ் ஊர் சண்டை பத்தி பேசுறான், அப்ப முகம் தெரியுது. ஆனா இலங்கை பத்தின பேச்சு கடைசில வருது, அங்க படம் இல்ல, வெறும் குரல் மட்டும். வீடியோ முன்னாடியே எடுத்துட்டு ஈஸ்டருக்கு அப்புறம் குரல ஒட்டியிருக்காங்கன்னு அத பார்த்தவங்க சொன்னாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா நம்ம பக்கம் பாதி சேனல்ல அவன் முகத்த போட்டு அடில இலங்கை வரிய போட்டோம், என்னமோ அவன் கேமராவ பார்த்து இலங்கைன்னு சொன்ன மாதிரி.

சரி, தாக்குதலுக்கு உரிமை கோருறதுக்கு வருவோம். இங்க நான் பார்க்குறது ஒண்ணே ஒண்ணு, செஞ்சவனுக்கு மட்டும் தெரியக்கூடிய ஏதாவது அறிக்கைல இருக்கா. கொழும்பு விஷயத்துல முதல் குறிப்பு வந்தப்ப அப்படி ஒண்ணும் இல்ல, டிவி பார்த்தவன் யார் வேணா எழுதலாம், அதோட ரெண்டு நாள் லேட்டு. ஆனா அப்புறம் வீடியோ வந்துச்சு, எட்டு பேரு நின்னு பைஅத் கொடுக்குறாங்க, ஏழு பேர் முகத்த மூடியிருக்காங்க, திறந்த முகம் காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிமோடது. அந்த ஆளு ஆன்லைன்ல தமிழ்ல பயான் (மதச் சொற்பொழிவு) பண்ணி போட்ட வீடியோ எல்லாம் ஏற்கனவே இருந்ததால முகத்த சரிபார்க்க முடிஞ்சுச்சு. தாக்குதலுக்கு முன்னாடி எடுத்த படம் அமைப்பு கைல இருக்குன்னா முன்னாடியே தொடர்பு இருந்திருக்கு, அது கனமான ஆதாரம். அதே நேரம் இலங்கை ராஜாங்க அமைச்சர் ஒருத்தர் இது நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதலுக்கு பழிவாங்கல்னு சொன்னார், ஐஎஸ் குறிப்புல கிறைஸ்ட்சர்ச்னு ஒரு வார்த்தை கிடையாது. பாக்தாதி குரலும் பாகூஸுக்கு பழின்னுதான் சொல்லுச்சு. அவங்க சொல்லாத காரணத்த நாமளா சேர்த்துடக் கூடாது, அரசாங்கமே சொன்னாலும்.

இன்னொரு குழப்பம் அப்ப நம்ம ஆளுங்கதான் பண்ணாங்க. தேசிய தவ்ஹீத் ஜமாத்ங்கிற சஹ்ரான் குழு பேர பார்த்துட்டு, பேர்ல தவ்ஹீத் ஜமாத்னு இருந்த மத்த அமைப்புகளோட போர்ட போட்டோவா போட்டுட்டாங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க செஞ்ச தப்பு இது, மன்னிக்க முடியாது.

எதிர்ப்பக்கம் பாருங்க. 2017 ஜூன்ல மணிலா கேசினோவுல ஒருத்தன் தீ வச்சு 37 பேர் செத்தாங்க, ஐஎஸ் எங்க ஆளுன்னுச்சு, போலீஸ் விசாரிச்சா சூதாட்டக் கடன்ல மூழ்கின ஆளு. அதே வருஷம் அக்டோபர்ல லாஸ் வேகாஸ் துப்பாக்கிச்சூடு, அமாக் எங்க சிப்பாய்ன்னுச்சு, எஃப்பிஐக்கு ஒரு தொடர்பும் கிடைக்கல. 2009ல நியூயார்க் மாநிலத்துல பிங்கம்டன்ங்கிற ஊர்ல 13 பேர ஒருத்தன் சுட்டான், பாகிஸ்தான் தாலிபான் தலைவர் பைதுல்லா மெஹ்சூத் போன் போட்டு நாங்கதான்னார், சுட்டது வியட்நாம்ல இருந்து வந்து குடியேறின ஒருத்தன், தாலிபானுக்கும் அவனுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது. இந்த மூணுலயும் அவங்க சொன்னதுல டிவில வராத, சரிபார்க்க முடியிற புது தகவல் ஒண்ணு கூட இல்ல.

நடுவுல ஒரு ரகம் இருக்கு, அதுதான் கஷ்டம். "கூட்டணி நாட்டு மக்களைத் தாக்கும்படி விடுத்த அழைப்பை ஏற்று" செஞ்சான்னு ஒரு வாசகம் அமாக்ல அடிக்கடி வரும், 2016 ஜூலைல நீஸ்ல லாரி ஏத்தி 86 பேர கொன்னானே, அதுக்கும் இதே வாசகம்தான். அந்த அழைப்புன்னு சொல்றது மேல சொன்ன அத்னானியோட 2014 பேச்சு வகையறா. நான் இத எப்படி படிப்பேன்னா, ஆள அவங்களுக்கு முன்ன பின்ன தெரியாம இருக்கலாம், ஆனா கைகழுவவும் மனசு வரல, அதனால பழைய பேச்ச பாலமா போடுறாங்க. செய்தில எழுதும்போது "ஐஎஸ் நடத்திய தாக்குதல்"னு இதுக்கு போடக் கூடாது.

பேசாம இருக்குறதையும் படிக்கணும். 2017 அக்டோபர் 14ல மொகதிஷுல லாரி குண்டு வெடிச்சு 500 பேருக்கு மேல செத்தாங்க, சின்ன சின்ன தாக்குதலுக்கெல்லாம் ஏஜென்சிக்கு போன் போடுற அல்-ஷபாப் அன்னைக்கு வாயே திறக்கல, இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல. செத்தது முழுக்க அவங்க ஊரு சனம், தெருவுல கூட்டம் இறங்கி திட்டுச்சு. உரிமை கோரலன்னா செய்யலன்னு இல்ல, செஞ்சது கைய சுட்டுடுச்சுன்னும் இருக்கலாம்.

சொல்லிட்டு பின்வாங்குறதும் இதே கணக்குதான். 2023 ஜனவரி 30ல பெஷாவர் போலீஸ் லைன் பள்ளிவாசல்ல குண்டு வெடிச்சு 80க்கும் மேல செத்தாங்க, பாகிஸ்தான் தாலிபான் கமாண்டர் ஒருத்தர் பழிக்குப் பழின்னு உரிமை கோரினார், அப்புறம் மேல சொன்ன அந்த கொராசானி நாற்காலில இருந்து அறிக்கை, பள்ளிவாசல தாக்குறது எங்க கொள்கை இல்ல, எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு. நம்ம பஹல்காம் ஞாபகம் இருக்கும், 2025 ஏப்ரல் 22, 26 பேரு. லஷ்கரோட நிழல் அமைப்புன்னு இந்தியா சொல்ற டிஆர்எஃப் அன்னைக்கே உரிமை கோருச்சு, மறுநாளும் சொல்லுச்சு, ரெண்டு மூணு நாள்ல உலகமே திரும்பிப் பார்த்ததும் எங்க அக்கவுண்ட ஹேக் பண்ணிட்டாங்கன்னு மாத்திப் பேசுச்சு. இதுல எது நிஜம்னு கேட்டா, அழுத்தம் வர்றதுக்கு முன்னாடி சொன்னதுக்கு நான் கூட மார்க் போடுவேன், ஆனா செய்தில ரெண்டும் தேதியோட இருக்கணும்.

எண்ணிக்கை விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், இல்லன்னா அவங்க சொல்றது எல்லாமே பொய், அரசாங்கம் சொல்றது எல்லாமே உண்மைன்னு நினைச்சுடுவீங்க. 2016 ஜனவரி 15ல சோமாலியாவுல எல் அதேங்கிற இடத்துல கென்யா ராணுவ முகாம அல்-ஷபாப் அடிச்சது. நூறு பேருக்கு மேல கொன்னோம்னாங்க, வழக்கமான ஊதல்னு பலரும் ஒதுக்கினாங்க. கென்யா எண்ணிக்கையே சொல்ல மாட்டேன்னுடுச்சு. பின்னாடி சிஎன்என் விசாரிச்சு 141ன்னு எழுதுச்சு, சோமாலிய அதிபரே 180, 200 பேர்னு பேட்டில சொன்னார். கொழும்புலயும் அரசாங்கம் 359ன்னு சொன்னத மறுநாளே 253ன்னு மாத்துச்சு. எண்ணு யார் வாய்ல இருந்து வந்தாலும் பக்கத்துல யார், எப்ப சொன்னதுன்னு இருக்கணும், அவ்வளவுதான்.

எந்த மொழில யார்கிட்ட பேசுறாங்கன்னும் பாருங்க. தாலிபான் தோஹாவுல சுஹைல் ஷாஹீன்னு ஒருத்தர வச்சிருந்துச்சு, நல்ல இங்கிலீஷ், பிபிசில ரொம்ப பதமா பேசுவார், அதே வாரம் களத்துல பஷ்தோல ஓடுறது வேற. 2021 ஆகஸ்ட் 17 பிரஸ் மீட்ல ஜபிஹுல்லா எல்லாருக்கும் மன்னிப்பு, பொண்ணுங்க ஷரியத் வரம்புக்குள்ள வேலை பார்க்கலாம் படிக்கலாம்னார். டிக்கர் எழுதுன நம்ம ஆளுங்க "பெண்கள் படிக்கலாம்"ங்கிறத எடுத்தாங்க, "வரம்புக்குள்ள"ங்கிறத விட்டுட்டாங்க, சுமை மொத்தமும் அந்த ஒரு வார்த்தைலதான் இருந்துச்சு. 2022 மார்ச் 23ல ஆறாம் வகுப்புக்கு மேல பொண்ணுங்க ஸ்கூலுக்கு வந்து உக்காந்த சில மணி நேரத்துல வீட்டுக்கு போகச் சொன்னாங்க, டிசம்பர்ல காலேஜும் போச்சு. அந்த பிரஸ் மீட் நடந்த ஹால் அரசோட ஊடக மையத்தோடது. அதோட தலைவர் தாவா கான் மேனபால 11 நாளைக்கு முன்னாடி, ஆகஸ்ட் 6ல, காபூல்ல சுட்டுக் கொன்னாங்க. நாங்கதான்னு சொன்னது இதே ஜபிஹுல்லா. செத்தவர் உக்கார்ற இடத்துல உக்காந்துதான் மன்னிப்பு பத்தி பேசினார்.

இனி எழுதுற முறை. தமிழ்ல நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, "பொறுப்பேற்றது"ங்கிற வார்த்தை. மந்திரி பொறுப்பேற்றார், கலெக்டர் பொறுப்பேற்றார்னு எழுதுற அதே வார்த்தைய குண்டு வச்சவனுக்கும் போடுறோம், படிக்கிறவங்களுக்கு விஷயம் உறுதியான மாதிரியும் ஆகிடுது. இலங்கை பேப்பர்ல "உரிமை கோரியது"ம்பாங்க, அது எவ்வளவோ தேவலை, கோரினா இன்னும் கிடைக்கலன்னு அர்த்தம் இருக்கு. நான் இப்பல்லாம் "தாங்கள்தான் செய்ததாக ஐஎஸ் சொல்கிறது"ன்னே எழுதிடுறேன், ரெண்டு வார்த்தை கூடுதல், பரவால்ல.

அதே மாதிரி அவங்க அகராதிய அப்படியே மொழிபெயர்க்காதீங்க. அவங்க இஸ்திஷ்ஹாதின்னா இங்கிலீஷ் காப்பி வழியா வந்து "தியாகத் தாக்குதல்"னு டெஸ்க்ல விழுந்துடும், அது தற்கொலைத் தாக்குதல், அப்படியே எழுதுங்க. ஆனா படிக்கும்போது அவங்க வார்த்தைய விட்டுடவும் கூடாது. செத்தவங்கள "முர்தத்" (மதத்த விட்டவன்)ன்னு சொல்றாங்களா, "ஸலீபி" (சிலுவைப் போர்க்காரன்)ன்னு சொல்றாங்களா பாருங்க. முதல் வார்த்தை முஸ்லிம்கள பார்த்து சொல்றது, முஸ்லிம் நாட்டு போலீஸ், ராணுவம், போட்டிக் குழு எல்லாம் அதுல வரும், ரெண்டாவது கிறிஸ்தவங்களையும் மேற்கு நாடுகளையும் பார்த்து. ஐஎஸ் அறிக்கைய வரிசையா படிச்சீங்கன்னா முதல் வார்த்தைதான் எக்கச்சக்கமா வரும், அவங்க கைல அதிகமா செத்தது யாருன்னு அதுலயே இருக்கு. நம்மூர்ல எந்த ஃபார்வர்டுலயும் அது வராது.

ஆடியோ, வீடியோ கிடைச்சா போடாதீங்க. போட்டா அல்-ஃபுர்கானுக்கு நாம ஃப்ரீயா விநியோகம் பண்றோம்னு அர்த்தம், அதோட இந்தியாவுல ஐஎஸ் யுஏபிஏ சட்டத்துல தடை செஞ்ச அமைப்பு, "நான் எச்சரிக்கைக்காக அனுப்பினேன்"னு போலீஸ்ல விளக்கிக்கிட்டு நிக்க வேண்டி வரும். என்ன சொன்னாங்கன்னு உங்க வார்த்தைல எழுதினா போதும். லோகோ வச்ச ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீங்க, அமாக் லோகோவ எந்த ஸ்கூல் பையனும் போட்டோஷாப்ல ஒட்டிடுவான், ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி மாதிரி இடத்துல இவங்க சேனல்கள நாள் முழுக்க பார்க்கவே ஆள் இருக்காங்க, அவங்க எடுக்குற வரைக்கும் பொறுங்க. இருபது நிமிஷம் லேட்டானா ஒண்ணும் குடி முழுகிடாது, எனக்கு அந்த செவ்வாக்கிழமை இது தெரியல.

என் நோட்டுல ஐஎஸ் செய்தித் தொடர்பாளர் பக்கம் இப்ப இப்படி இருக்கு. அத்னானி, அலெப்போவுல செத்தான். அபுல் ஹசன் அல்-முஹாஜிர், ஜராப்லுஸ்ல செத்தான். அபு ஹம்சா அல்-குரைஷி, செத்துட்டான்னு அடுத்தவன் சொன்னான். அபு உமர் அல்-முஹாஜிர், பிடிபட்டுட்டான்னு அதுக்கடுத்தவன் சொன்னான். 2023 ஆகஸ்ட்ல அத சொன்ன குரலுக்கு பேரு அபு ஹுதைஃபா அல்-அன்சாரி, முகம், ஊரு, நிஜப் பேருன்னு நான் கோடு போட்டு வச்ச மூணு கட்டமும் காலியா இருக்கு.